எந்த வேரியண்ட்டை எடுப்பது? கொங்கு நாட்டுக் குடும்பத்துக்குக் கிராஸ்ஓவர் கார் தேர்ந்தெடுக்கும் முறை

கார் வாங்க நினைக்கும் குடும்பம், எந்த வண்டி என்பதைப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிவு செய்துவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்தார் ஓட்டுவதைப் பார்த்திருப்பார்கள், உறவினர் வண்டியில் ஏறி ஒரு நோம்பிக்குப் போய் வந்திருப்பார்கள், நிறமும் பிடித்திருக்கும். குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தன் ஒரே வண்டியை மாருதி நிறுவனம் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்றும், டாடா நிறுவனம் ஸ்மார்ட், ப்யூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ் என்றும் வசதிக்கேற்ற படிகளாக, அதாவது வேரியண்ட்டுகளாகப் பிரித்து விற்கின்றன. அந்தப் படிகளோடு எரிபொருளையும் கியர் வகையையும் சேர்த்தால் விலைப்பட்டியலில் இருபது முப்பது வரிகள் வந்து நிற்கும். கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் இடையே சில லட்சங்கள் வேறுபாடு இருக்கும். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல், “டாப் எண்டே எடுத்துக்கலாமுங்க” என்றோ “பேஸ் மாடல் போதுமுங்க” என்றோ நின்ற இடத்திலேயே முடிவு செய்பவர்களைக் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஷோரூம்களில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் பின்பற்றுவதும், என்னைக் கேட்கும் உறவினர்களுக்குச் சொல்வதும் ஒரே அளவுகோல்தான். ஒரு வசதியைப் பிறகு வெளியில் பொருத்திக்கொள்ள முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியும் என்றால் அதற்காக ஒரு படி மேலே ஏற வேண்டியதில்லை. முடியாது என்றால், அது நம் வீட்டாரின் உயிரைக் காக்குமா, அல்லது வாரம் ஒருமுறையாவது பயன்படுமா என்று பார்க்க வேண்டும். பயன்படும் என்றால் அதற்கு மட்டும் நிறுவனத்திடம் பணம் கொடுக்கலாம். ஏர்பேக், பின் இருக்கைக்கான ஏசி வென்ட், ஓட்டுநர் இருக்கையின் உயரத்தை மாற்றும் கைப்பிடி, கியர்பெட்டி, இரண்டாகப் பிரித்து மடிக்கும் பின் இருக்கை ஆகியவற்றைப் பின்னாளில் எந்தக் கடையிலும் பொருத்த முடியாது. தொடுதிரை, ரிவர்ஸ் கேமரா, அலாய் வீல், சீட் கவர், ஸ்பீக்கர் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கிராஸ்ஓவர் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய ஜீப் வகை வண்டிகள் தனி அடிச்சட்டத்தின் மேல் உடலை வைத்துக் கட்டப்பட்டவை. கிராஸ்ஓவர் அப்படியல்ல; சாதாரண காரின் கட்டமைப்பையே எடுத்து, சற்று உயர்த்தி, நிமிர்ந்து உட்காரும்படி செய்யப்பட்டது. மாருதி ஃபிராங்க்ஸ் அந்த நிறுவனத்தின் பலேனோ காரின் கட்டமைப்பிலேயே உருவானது. பலேனோவின் தரை இடைவெளி 170 மி.மீ., ஃபிராங்க்ஸுக்கு 190 மி.மீ. ஆகையால் கிராஸ்ஓவர் வாங்குபவர் உண்மையில் வாங்குவது உயரத்தையும், ஏறி இறங்கும் எளிமையையும், சாலையைப் பார்க்கும் வசதியையும்தான். சேற்றுக் காட்டில் உழுவதற்கு அது பிறக்கவில்லை.

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாள்

கடந்த பன்னிரண்டு மாதங்களில் குடும்பம் எங்கெல்லாம் போனது, யார் யார் உட்கார்ந்தார்கள், டிக்கியில் என்ன ஏறியது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நினைவில் நிற்பது ஊட்டிப் பயணமாக இருக்கும். தாளில் நிறைவது மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போன நாட்களாக இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் மச்சான் வீட்டுக்கு இப்படி எழுதியபோது, வாரத்தில் நான்கு நாள் ஊருக்குள்ளேயே பத்துக் கிலோமீட்டருக்குள் ஓட்டம், வாரம் ஒருமுறை கோவை, மாதம் இருமுறை தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு), ஆண்டில் நான்கைந்து முறை மலை, ஒரே ஒருமுறை சென்னை என்று வந்தது. அவர் டீசல் வண்டி எடுக்கும் முடிவில் இருந்தார். அந்தத் தாளே அவர் மனத்தை மாற்றியது. இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிந்து தீர்வதற்கு, வண்டி சற்று வேகத்தில் நிற்காமல் சிறிது தொலைவாவது ஓட வேண்டும். நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஊருக்குள் ஊர்ந்துவிட்டு நிறுத்தினால் வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். திருப்பூரிலிருந்து வாரந்தோறும் பெங்களூருக்குச் சென்று வரும் பனியன் வியாபாரிக்கு டீசல் பொருந்தும், மச்சானுக்குப் பொருந்தாது.

ஏறி இறங்குவது

எங்கள் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) முழங்கால் வலி. வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வண்டிகளில் அவரை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். முதல் வண்டி மிக உயரம். காலைத் தூக்கி வைக்கவே கதவின் மேல் கைப்பிடியைத் தேடினார். இரண்டாவது வண்டியில் உயரம் சரியாக இருந்தது, ஆனால் கதவு நிலைக்கும் இருக்கைக்கும் இடையில் உள்ள அகலமான விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டியிருந்தது. இறங்கும்போது சேலையின் கீழ் ஓரம் அந்த விளிம்பில் இருந்த புழுதியை எல்லாம் துடைத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது வண்டியின் கதவு கீழ்வரை நீண்டு அந்த விளிம்பையே மூடியிருந்ததால், கதவைத் திறந்தபோது உள்ளே புழுதி இல்லை. அவர் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, இரு கால்களையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டார். வெள்ளை வேட்டியோடு கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்த விளிம்பு பெரிய விஷயம். எந்த விலைப்பட்டியலிலும் இது ஒரு வரியாக இருக்காது.

பெரியவர் இருக்கைக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது, இருக்கையின் மேற்பரப்பு அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். அப்போது உட்காருவதற்குக் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கூரை ஓரம் தலையில் இடிக்கிறதா, முன் இருக்கையின் கீழே பாதத்தை நுழைக்க இடம் இருக்கிறதா என்பவற்றையும் அவரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். சன்ரூஃப் உள்ள வேரியண்ட்டையும் இல்லாத வேரியண்ட்டையும் தனித்தனியே உட்கார்ந்து பார்ப்பது அவசியம். சன்ரூஃபின் சட்டமும் திரையும் கூரைக்குள் இடம் பிடிப்பதால், பின்னால் உட்காரும் உயரமானவரின் தலைக்கு மேலே உள்ள இடம் குறையும்.

பின் இருக்கையில் மூன்று பேர் அடிக்கடி உட்காரும் குடும்பம், நடு இருக்கைக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டும் தலைத் தாங்கியும் உண்டா என்று வேரியண்ட் வாரியாகக் கேட்க வேண்டும். நடுவில் உட்காருவது பெரும்பாலும் குழந்தை.

சாலையும் இட்டேரியும்

நம் பகுதியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஊர்ச் சாலை, ஊர்ச் சாலையை விட்டு இறங்கினால் இரு பக்கமும் கிளுவை வேலி அடைத்த மண் தடமான இட்டேரி. மழைக்குப் பிறகு டிராக்டர் சக்கரம் இரு பள்ளங்களை வெட்டிவிட்டு நடுவில் மேட்டை விட்டுப் போகும். சிறிய கார்கள் அந்த மேட்டில்தான் அடி தட்டும். இதற்குத் தரை இடைவெளி உதவும்: டாடா பஞ்ச் 187 மி.மீ., ஃபிராங்க்ஸ் 190 மி.மீ., பிரெஸ்ஸா 198 மி.மீ., நெக்ஸான் 208 மி.மீ. என்று நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் இந்த எண் பெரும்பாலும் ஆளும் சுமையும் இல்லாத வண்டியில் அளந்தது. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் தேங்காய் மூட்டையும் வைத்தால் பின்பகுதி பல மி.மீ. இறங்கிவிடும். ஆகவே 187, 190 என்ற வேறுபாட்டில் மனத்தைச் செலுத்தாமல், சோதனை ஓட்டத்துக்கு நான்கு பேரோடு போய், உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்த உயரமான வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்ப்பதே மேல்.

சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நான் தவறியது அங்கேதான். டயரின் பக்கச் சுவரில் 215/60 ஆர்16 என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த டயரின் பக்கச் சுவர் சுமார் 129 மி.மீ. உயரம் இருக்கும். மேல்படி வேரியண்ட்டில் ரிம் பெரிதாகி, மொத்தச் சக்கரம் அதே அளவில் இருந்தால், குறைவது இந்த ரப்பர்ச் சுவர்தான். குழியில் விழும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தச் சுவர் என்பதால், அது மெலிந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். முதன்முதலில் கிராஸ்ஓவர் வாங்கியபோது பெரிய அலாய் வீலின் அழகுக்காக நான் ஒரு படி மேலே ஏறினேன். ஓர் இரவு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், மழைநீர் நிறைந்த குழி கண்ணுக்குத் தெரியாமல், முன் இடச் சக்கரம் இறங்கி ரிம் வளைந்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அது மற்ற நான்கைவிட ஒடுக்கமாக இருந்தது. மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்ற மஞ்சள் ஒட்டியும் அதில் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்றிலிருந்து ஸ்டெப்னியைக் கண்ணால் பார்க்காமல் நான் எந்த வண்டிக்கும் சரி என்று சொல்வதில்லை. டியூப் இல்லாத டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே வண்டியை விற்கலாம் என்று 2020 இல் விதி மாற்றப்பட்டிருக்கிறது என்பதால், டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் அவசியமாகிவிட்டது.

மலையும் கியரும்

கொங்கு நாட்டில் கார் வைத்திருப்பவர் எப்படியும் மலை ஏறுவார். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. கீழே சமவெளியில் நன்றாக ஓடும் எஞ்சின் இங்கே வேறு குணம் காட்டும். வளைவில் வேகம் குறைந்து, ஐந்து பேர் சுமையோடு மீண்டும் இழுக்க வேண்டிய நொடியில் தேவைப்படுவது எஞ்சினின் குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவிசை. ஃபிராங்க்ஸின் 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சின் தன் உச்ச இழுவிசையான 113 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,400 சுற்றில் தருகிறது. அதே வண்டியின் 1 லிட்டர் டர்போ எஞ்சின் 147.6 நியூட்டன் மீட்டரை 2,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. மலையில் ஒருவர் இரண்டாம் கியரில் எஞ்சினை அலறவிட்டுக்கொண்டு ஏறுவதற்கும், மற்றவர் அமைதியாக ஏறுவதற்கும் காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் பெரும்பகுதியை ஈடுகட்டிக்கொள்ளும்.

ஆண்டில் நான்கு முறை மட்டும் மலை ஏறுபவருக்கு டர்போ கட்டாயம் இல்லை. மாதம் இருமுறை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போய் வருபவருக்கு, மேல்படி வேரியண்ட்டைவிட நடுப்படி டர்போவே நல்ல தேர்வு என்பது என் உறுதியான கருத்து. அலங்காரத்தைக் குறைத்து எஞ்சினுக்குப் பணம் கொடுக்கலாம். எஞ்சினைப் பிறகு மாற்ற முடியாது.

ஆட்டோமேடிக் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு பொறிகள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாக மோட்டார் இயக்குகிறது. விலையும் குறைவு, மைலேஜும் குறையாது, ஆனால் கியர் மாறும்போது ஒரு சிறு தயக்கம் இருக்கும். முன்னால் லாரியை முந்தும்போது அந்தத் தயக்கத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையில் எண்ணெய் நின்று விசையைக் கடத்துவதால், ஏற்றத்தில் ஊர்ந்தாலும் கிளட்ச் தேய்வதற்கு இடமில்லை. சிவிடி, அதாவது தனித்தனிக் கியர்ப் படிகள் இல்லாத வகை, நகரத்துக்கு மிக மென்மையானது. அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஓசை முந்தும், வேகம் பின்னால் வரும். இரட்டைக் கிளட்ச் வகை விரைவானது, ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகையாக இருந்தால், விடுமுறை நாளில் பர்லியாறு ஏற்றத்தில் ஒரு மணி நேரம் அடியடியாக நகரும்போது சூடேறி எச்சரிக்கை காட்ட வாய்ப்புண்டு. மலைக்கு அடிக்கடி போகும் வீட்டுக்கு டார்க் கன்வெர்ட்டரையே நான் சொல்வேன். எந்த வகையானாலும், ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிடித்து நிறுத்தும் வசதி அந்த வேரியண்ட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உயிர்காக்கும் வசதிகளில் பேரம் வேண்டாம்

இந்தியாவிலேயே வண்டிகளை மோதிப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பக்க மோதல் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்தப்படுகிறது, பெரியவர்களுக்கான பாதுகாப்புக்கு 32 புள்ளி, குழந்தைகளுக்கான பாதுகாப்புக்கு 49 புள்ளி எனக் கணக்கிடுகிறார்கள். விற்பனையாளர் ஐந்து நட்சத்திரம் என்று மட்டும் சொல்வார். நீங்கள் அறிக்கையைத் திறந்து இரு புள்ளிகளையும் தனித்தனியே பார்த்து, அந்த நட்சத்திரம் நீங்கள் எடுக்கப் போகும் வேரியண்ட்டுக்கும் பொருந்துமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எல்லாக் கார்களிலும் ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு 2023 இல் கைவிடப்பட்டது; எனவே சில வண்டிகளின் கீழ்ப்படிகளில் இரண்டே ஏர்பேக் இருக்கலாம். பக்கவாட்டில் மோதும்போது தலையைக் காப்பது ஜன்னலுக்கு மேலிருந்து விரியும் திரை ஏர்பேக். அது ஆறில்தான் வரும், இரண்டில் வராது.

வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் இஎஸ்சி வசதியை நம் பகுதிக்கு இரட்டிப்பாக வற்புறுத்துவேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் எப்படி வீசும் என்பது அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். உயரமான கிராஸ்ஓவரின் பக்கச் சுவர் கப்பலின் பாய்போல அந்தக் காற்றைப் பிடிக்கும். ஒரு பேருந்தைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்த நொடியில் ஸ்டீயரிங் தானாக ஒரு விரற்கடை நகர்வதை உணர்ந்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

ஏடாஸ் எனப்படும் கேமரா, ரேடார் வசதிகளுக்கு இப்போது பெரிய விளம்பரம் இருக்கிறது. சேலம், கொச்சி நெடுஞ்சாலையில் நீண்ட தொலைவு ஓட்டுபவருக்கு, முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் தானே பிரேக் பிடிக்கும் வசதி மதிப்புள்ளது. தடக் கோடே அழிந்துபோன ஊர்ச் சாலையில் தடம் காக்கும் வசதிக்கு வேலை குறைவு. இதற்காக மட்டும் இரண்டு படி ஏறுவதை, நெடுஞ்சாலை ஓட்டம் மிகுதியாக இல்லாதவருக்கு நான் சொல்வதில்லை.

யாரும் கேட்காத ஒரு வசதி உண்டு: பின் கண்ணாடிக்கான வைப்பரும் தண்ணீர்த் தெளிப்பானும் சூட்டுக் கம்பியும். நிமிர்ந்த பின்பகுதி உள்ள வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் புழுதியை எல்லாம் கண்ணாடி மேல் இழுத்துக்கொள்ளும். இட்டேரியில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் பின் கண்ணாடி முழுதும் செம்மண் படிந்து ஒன்றும் தெரியாது. கோத்தகிரிப் பனியில் உட்புறம் ஈரம் கோத்துக்கொள்ளும். பல வண்டிகளில் கீழ்ப்படிக்கு இந்த மூன்றும் கிடையாது, நடுப்படியில் கிடைத்துவிடும். நடுப்படிக்கு ஏறுவதற்கு இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

வெயிலுக்கு எது

சித்திரை வெயிலில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த நாட்களில் பின்னால் உட்காரும் பெரியவர்களுக்குத் தேவை பின் ஏசி வென்ட். சன்ரூஃப் அன்று திறக்கப் போவதில்லை. நுண்துளை இட்ட இருக்கையின் வழியே காற்றைச் செலுத்தும் குளிர் இருக்கை உண்மையிலேயே சுகமானது, ஆனால் பெரும்பாலும் முன்னால் உட்காரும் இருவருக்கு மட்டும் கிடைப்பது. மருந்து விற்பனைப் பணியில் நாள் முழுதும் ஓட்டுபவர் அதற்குப் பணம் கொடுக்கலாம். வார இறுதியில் மட்டும் வண்டி எடுப்பவர் ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்வது போதும். சன்ரூஃப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எடுப்பவர்கள், அதன் ஓரங்களில் இருந்து மழைநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்கள் இலையும் தூசியும் அடைக்காமல் இருக்கிறதா என்று சர்வீஸின்போது பார்க்கச் சொல்ல வேண்டும். அடைத்தால் நீர் உட்கூரையில் இறங்கும்.

தொடுதிரையின் அளவு, வண்ண விளக்கு, கைப்பேசிச் செயலி ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏசியின் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் பொத்தான் தனியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடும்போது திரையில் தேடுவது ஆபத்து.

பத்து லட்சக் கோடு

விலைப்பட்டியலை வரிக்கணக்கோடு சேர்த்துப் படிக்காவிட்டால் வேரியண்ட் தேர்வு முழுமையாகாது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்கு மேற்படாத எஞ்சினும், டீசல் என்றால் 1,500 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 விழுக்காடு. இரண்டு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். பிரெஸ்ஸாவின் நீளம் 3,995 மி.மீ. தான், ஆனால் எஞ்சின் 1,462 சிசி பெட்ரோல் என்பதால் அது 40 விழுக்காட்டில் விழுகிறது. இந்த ஜிஎஸ்டி, சாலை வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

நம் கையில் இருந்து தனியாகப் போவது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காரின் விலை 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு. வருமான வரிபோல மிகுதித் தொகைக்கு மட்டும் அல்லாமல் முழு விலைக்கும் இந்த விழுக்காடு என்பதால், 10 லட்சக் கோட்டைத் தாண்டும்போது ஒரு பெரிய படி இருக்கிறது. 9.90 லட்சம் என்று விலை வந்தால் வரி 1,28,700 ரூபாய். அடுத்த படி வெறும் இருபதாயிரம் கூடுதலாக 10.10 லட்சம் என்றால் வரி 1,81,800 ரூபாய். வரியில் மட்டும் 53,100 கூடிவிடும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வாங்குபவரிடம் 1 விழுக்காடு டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அது இங்கே 10,100 ரூபாய்; வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அன்றைக்குக் கட்டியாக வேண்டும். ஆக, இருபதாயிரம் ரூபாய் வசதிக்கு அன்று கையிலிருந்து போவது 83,200 ரூபாய். கோட்டுக்குச் சற்றே மேலே நிற்கும் வேரியண்ட்டைவிட, கோட்டுக்குக் கீழே நிற்பதை எடுப்பது, அல்லது தாண்டுவதென்றால் உண்மையிலேயே தேவையான ஒன்றுக்காக நன்றாகத் தாண்டுவது அறிவுடைமை.

கோட்டைத் தாண்டிய பிறகும், விலைப்பட்டியலில் ஒரு லட்சம் என்று காட்டும் வேறுபாடு வரியோடு 1.18 லட்சம். அதை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதம் சுமார் 2,450 ரூபாய் வீதம், மொத்தம் ஏறத்தாழ 1.47 லட்சம் கட்டி முடிப்பீர்கள். ஒவ்வொரு படியின் பக்கத்திலும் இந்தத் தொகையைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, எதற்காக ஏறுகிறோம் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது நல்லது. மூன்றாம் நபருக்கான காப்பீடு புதிய காருக்கு மூன்றாண்டு சேர்த்து எடுப்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே வண்டிக்கு, அதே மதிப்புக்கு வெளியில் ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு பேசினால் ஷோரூம் தொகை இறங்குவதுண்டு.

சோதனை ஓட்டம், முன்பதிவு, வண்டி எடுக்கும் நாள்

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூம் தருவது பெரும்பாலும் மேல்படி வேரியண்ட். நீங்கள் எடுக்கப் போவது அதே எஞ்சினும் அதே கியரும்தானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். சென்னிமலை, திருச்செங்கோடு போல மலைக்கோயிலுக்குச் சாலை உள்ள ஊர்க்காரர்கள் அந்த ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்தி எடுத்துப் பார்க்கலாம். இல்லாதவர்களுக்கு ஒரு மேம்பாலத்தின் ஏற்றம் போதும். வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் ஓட்ட வேண்டும். பெண்கள் ஓட்டும்போது இருக்கை உயரத்தை அவர்களுக்கு ஏற்ப மாற்ற முடிகிறதா, முன் முகப்பின் ஓரம் தெரிகிறதா என்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். கீழ்ப்படிகளில் இருக்கை உயரம் மாற்றும் வசதியைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள்.

முன்பதிவுத் தாளில் வண்டியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வேரியண்ட்டின் முழுப் பெயர், எஞ்சின், கியர் வகை, நிறம், தயாரிப்பு ஆண்டு, ஆன்ரோடு விலையின் ஒவ்வொரு வரி ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகும் என்பதால், தை மாதம் எடுக்கும் வண்டி முந்தைய ஆண்டில் செய்தது என்றால் விற்கும்போது விலை குறையும். அதற்கேற்ற தள்ளுபடியை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். உபரிப் பொருள்கள் என்று ஒரு கட்டுத் தொகையைச் சேர்த்திருந்தால், தரை விரிப்பு தவிர மற்றவற்றை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முன் பம்பருக்கு வெளியே இரும்புக் கம்பி பொருத்துவது 2017 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டது. அது ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தை உணரும் கருவியையும் குழப்பும்.

சீட் கவர் பற்றி ஒரு சொல். முன் இருக்கையின் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று ஒரு சிறு துணிச்சீட்டு தைத்திருந்தால், பக்க ஏர்பேக் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டுதான் வெளியே வரும். என் வண்டிக்குக் கடையில் தடித்த கவர் போட்டு, அந்த ஓரத்தையும் சேர்த்து இறுக்கித் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, கவரைத் துவைக்கக் கழற்றியபோதுதான் அந்தச் சீட்டு கண்ணில் பட்டது. பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை நானே மூடி வைத்து இரண்டு மாதம் பிள்ளைகளை ஏற்றிப் போயிருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அந்த இடத்தில் திறப்பு விட்டுத் தைத்த கவரை மட்டும் வாங்குங்கள்.

வண்டியைப் பதிவு செய்யும் முன், கிடங்கிலேயே போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த வண்டிக்கே உரிய அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணை முன்பதிவுத் தாளில் குறித்துக்கொண்டு, வேரியண்ட் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும்: பின் வைப்பர் ஓடுகிறதா, ஐந்து பெல்ட்டும் பூட்டுகிறதா, குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகள் இருக்கின்றனவா, பின் வென்ட்டில் காற்று வருகிறதா, டிக்கியின் கீழே ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா, சாவி இரண்டா. குறை எதுவானாலும் அன்றே எழுத்தில் கொடுத்து, சரிசெய்த பிறகு பதிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எண் விழுந்துவிட்டால் வேறு வண்டி கேட்டுப் பெறுவது மிகவும் கடினம்.